தறிக்குழி ஓரத்து வாத்து முட்டைகள்

கல்லூரிக்குப் போகும் ஏனாத்தூர் பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னோடு மூன்று வருடம் தொங்கியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். குஞ்சு பொரிக்கும் பெட்டி. ஆன்லைனில் வாங்கினாளாம். வெள்ளை பிளாஸ்டிக், மூடியில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. முட்டைகளை அதுவே திருப்புமாம். ஈரம் குறைந்தால் அதுவே சத்தம் போடுமாம். நீங்கள் வரிசையாக இதயம் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. “ஏன்டி, பொறாமையா?” என்று கேட்டீர்கள்.

பொறாமை இல்லை. எரிச்சல். நான் ஏழாவது படித்தபோது வந்தது, இன்னும் போகவில்லை. ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட்டால் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். அப்பா பால் பல் விழும் முன்பே தறியில் உட்கார்ந்தவர். அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் படிக்க வரும். அதனால் மருந்துச் சீட்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொல்வதை இரண்டு பேரும் தலையாட்டிக் கேட்பார்கள். தலையாட்டுவது வேறு, கேட்டு நடப்பது வேறு என்று எனக்குப் புரிய அந்த வருட ஐப்பசி வரை ஆயிற்று.

முட்டைகள் மாமா கொண்டுவந்தவை. அம்மாவின் தம்பி. தென்னேரியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருபவர்கள் ஏரிக்கரையில் பட்டி போடுவார்கள். மாமாவின் வயலில் மேய்த்ததற்காக ஒரு பை நிறைய முட்டை கொடுத்திருக்கிறார்கள். வைக்கோல் போட்டுப் பக்குவமாக அடுக்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா பையைத் திறந்து பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

“டேய், புரட்டாசி பொறந்துடிச்சி. வீட்ல கவுச்சியே சேக்கறதில்ல. முட்டைய தூக்கிக்கினு வந்து நிக்கிற பாரு. மண்டையில இன்னா இருக்குது உனக்கு?”

“எனக்கு இன்னாக்கா தெரியும்? நீதான் மூலம் மூலம்னு சொல்லிக்கினு இருந்தே. வாத்து முட்ட சூட்டுக்கு நல்லதுன்னாங்க.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. தெருக்கோடி வரைக்கும் கேக்கல.”

எதிர்வீட்டு அத்தைக்குக் கேட்டுவிட்டது. வாசலில் நூல் இழைத்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே சிரித்தாள். மாமா திரும்ப எடுத்துப் போக மாட்டேன் என்றார். அம்மா அடுப்படியில் வைக்க மாட்டேன் என்றாள். பை வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில், நிலைப்படியில் இருந்தது.

“எனக்குக் குடுங்க. நான் குஞ்சு எடுக்கறேன்” என்றேன்.

“எதுல? உன் ஸ்கூல் பையிலயா?” என்றாள் அம்மா.

எங்கள் தறி கூடத்தில் இருந்தது. தரையில் பள்ளம் தோண்டி அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்யும் தறி. மழை நாளில் அந்தப் பள்ளத்தில் ஈரம் ஊறும். ஈரம் ஏறினால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தொய்ந்துபோகும், நெசவு ஓடாது. அதனால் குழிக்குள் ஒரு பல்பை எரியவிடுவார் அப்பா. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை என்பதால் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாவைத் தள்ளித் தருவாள். இரண்டு பேரின் முழங்காலுக்குக் கீழே மட்டும் எப்போதும் மஞ்சள் வெளிச்சமும் சூடும் இருக்கும். நானும் சின்ன வயதில் குளிருக்கு அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறேன். முட்டைக்கு அதைவிட நல்ல இடம் காஞ்சிபுரத்திலேயே கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

ஜரிகை வாங்கி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. அடியில் உமி, அதன்மேல் கழிவுப் பட்டு. மெத்தை என்றால் அப்படி ஒரு மெத்தை, எந்த வாத்துக்கும் கிடைத்திருக்காது. அப்பா இன்னொரு பல்பைப் பெட்டிக்குள் தொங்கவிட்டுத் தந்தார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். அதை ஒவ்வொரு முறையும் உதறிவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். நீல உறையோடு இருந்த அந்தத் தெர்மாமீட்டர் பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை. மணிக்கட்டு வலிக்க உதறியது மட்டும் நினைவிருக்கிறது. முட்டைகளின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கத்தில் வட்டம். இன்று காலையில் வட்டம் மேலே என்றால் நாளை காலையில் பெருக்கல் மேலே. காலையிலும் மாலையிலும் நான் திருப்புவேன். மதியம் திருப்புவது அம்மாவின் வேலை. அவள் ஒவ்வொரு நாளும் “நான் பெத்ததே ஒண்ணுதான், இதுங்களுக்கும் நான்தானா?” என்று கேட்டுவிட்டுத் திருப்புவாள்.

வாத்து முட்டைக்கு ஈரமும் வேண்டும் என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னார். நான் பெட்டிக்குள் தண்ணீர் தெளிக்கப் போனேன். அப்பா தறியை நிறுத்திவிட்டார்.

“நான் ஈரத்த வெரட்டறதுக்கு பல்பு போட்டுக்கினு இருக்கேன். நீ ஈரத்த கூட்டிக்கினு வர்றியேம்மா.”

“டீச்சர் சொன்னாங்கப்பா.”

“டீச்சரு பாவு நெனைஞ்சா வந்து நெய்வாங்களா?”

ஆனாலும் மறுநாள் அவரே பழைய வேட்டியைக் கிழித்து, நனைத்து, சொட்டாமல் பிழிந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். பெட்டியைக் குழியிலிருந்து எடுத்து ஒரு முழம் தள்ளி, சுவரோரமாக வைத்திருந்தார். அப்பாவோடு இதுதான் தொல்லை. முதலில் மறுப்பார். பிறகு நான் சொன்னதைவிட அதிகமாகச் செய்வார்.

அந்த வருடம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனதும் நான் பெட்டியைப் போர்வையால் மூடிக்கொண்டு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். அம்மா இடுப்பு வலிக்கு வைத்திருந்த ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி உள்ளே வைப்பாள். வீடு முழுதும் சூடான ரப்பர் நாற்றம். எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “ஏம்மா, உம் பொண்ணு அடைகாக்குதா? எழுந்திருச்சா கொக்கரிக்குமா?” என்பாள். எனக்கு அழுகையாக வரும். அழுதால் போர்வை விலகிவிடுமே என்று அழாமல் இருப்பேன்.

ஒரு வாரம் கழித்து, இருட்டான சாமான் அறையில் டார்ச் அடித்து முட்டைகளைப் பார்த்தேன். சிலவற்றில் ஒன்றுமில்லை, வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போயிற்று. அவற்றை எடுத்துவிட்டேன். ஆறு முட்டைகளில் உயிர் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேண்டாவெறுப்பாக வந்தவர் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஓட்டுக்குள் சிவப்பு நரம்புகள் நாலா பக்கமும் ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

“அரக்கும்மா இது” என்றார். எங்கள் புடவைகளில் வரும் அந்தச் சிவப்பு. “எம்மாம் சன்ன எழ பாரேன். இத்த எவன் நூத்தான்?”

அன்றிலிருந்து அவருக்கும் பைத்தியம் பிடித்தது. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே பெட்டியண்டை போய் உட்கார்ந்துவிடுவார்.

மூன்று வாரம் ஆனதும் அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோழிக்கு மூன்று வாரம்தான், இது கூமுட்டை, நாறுவதற்குள் கொட்டிவிடலாம் என்றாள். வாத்துக்கு நாலு வாரம், இருபத்தெட்டு நாள் என்று நான் கத்தினேன். எதிர்வீட்டு அத்தை அம்மா பக்கம். அப்பா என் பக்கம். “படிச்ச புள்ள சொல்லுதில்ல, வுடு” என்றார். அன்று நான் தலையை எப்படித் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். ஓட்டில் விரிசல் விட்டதும் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு நாள் ஆகும், இரண்டு நாள்கூட ஆகும். அது தானாகத்தான் வெளியே வர வேண்டும். இதை நான் வீட்டில் சோறு தின்னும்போது சொன்னேன், தலை வாரும்போது சொன்னேன், பள்ளிக்குக் கிளம்பும்போது சொன்னேன்.

“சரிம்மா” என்றார் அப்பா.

“சரிடி” என்றாள் அம்மா.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் நான்கு முட்டைகளில் விரிசல். காதை வைத்தால் உள்ளேயிருந்து கீச் கீச்சென்று சத்தம். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தலையாட்டினார்கள். பள்ளிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வாசலிலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “வா வா, வந்து பாரு” என்று என் பையை வாங்கிக்கொண்டார். பெட்டிக்குள் நான்கு குஞ்சுகளும் வெளியே கிடந்தன. படுத்துக் கிடந்தன. நனைந்த பஞ்சுபோல் உடம்பு, தூக்க முடியாத தலை. கழிவுப் பட்டில் அங்கங்கே ரத்தம். பக்கத்தில் ஓட்டுத் துண்டுகளைப் பொடிப்பொடியாக, ஒழுங்காகக் குவித்து வைத்திருந்தார்.

“யாரு எடுத்தது?”

“நான்தாம்மா. நீ வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிடலாம்னு...”

“தொடாதன்னு சொன்னேனா இல்லையா?”

“கத்திக்கினே இருந்துச்சும்மா. ஒரு முழம் நெய்ய முடியல. உள்ள சிக்கிக்கினு கத்துது, நான் பாத்துக்கினு ஒக்காந்திருக்கட்டா?”

பிறகுதான் அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. “அந்தச் செவப்பு எழ இன்னும் ஓட்டுலயே ஒட்டிக்கினு இருந்துச்சி. மெதுவாதான் பிரிச்சேன். அறுந்துபோச்சி” என்றார். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “முடிச்சி போட முடியல.”

அப்பாவின் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெய்துகொண்டிருக்கும்போது இழை அறுந்தால், எங்கே அறுந்தது என்று நமக்குக் கண்ணில் படும் முன்பே அவர் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கி ஒட்டவைத்திருப்பார். அறுந்த இழையையும் சிக்கலையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பார்த்தால் கை தானாகப் போய்விடும். இது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன? நாலும் மறுநாள் காலைக்குள் போய்விட்டன. மழையில் கொல்லையில் பள்ளம் தோண்டியது அம்மா. நான் அப்பாவிடம் பேசவில்லை.

மீதி இரண்டு முட்டைகள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்று அசைவில்லாமல் கிடந்தது. இன்னொன்றுக்குள் ஏதோ ஒரு கறுப்பு உருவம் புரண்டது. அந்த ஒன்றாவது எனக்கு வேண்டும். வாத்து வளர்க்கும் ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. நான் சொன்னது சரி என்று ஒரு உயிராவது எழுந்து நடந்து காட்ட வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது.

அது விரிசல் விட்டது ஒரு சாயங்காலம். மறுநாள் பள்ளியில் மாவட்ட அறிவியல் வினாடி வினாவுக்கு ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. வகுப்பில் எப்போதும் முதலில் வருகிறவள் நான்தான், அதனால் போகப்போவது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் எழுந்து, போக மாட்டேன் என்றேன்.

“போம்மா. நான் தொட மாட்டேன்” என்றார் அப்பா. மூன்று நாளில் அவரிடம் நான் காது கொடுத்த முதல் பேச்சு.

“அன்னிக்கும் சரின்னுதான் சொன்னே.”

“இன்னிக்கி தொட மாட்டேன்.”

“அம்மா, அப்பா கைய ரெண்டையும் கட்டிப் போடு.”

“கட்டிட்டு எவன் நெய்யறது? தீபாவளிக்கு பொடவ குடுக்கணும், கடக்காரர் கழுத்துல கத்தி வெச்சிக்கினு இருக்காரு” என்று அம்மா என்னைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள்.

தேர்வுத் தாளில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஒரே ஒரு கேள்வி மட்டும் நினைவிருக்கிறது. கோழி முட்டை பொரிய எத்தனை நாள் ஆகும்? இருபத்தெட்டு என்று எழுதிவிட்டேன். கோழி முட்டை! அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் இரண்டாவதாக வந்தேன். வினாடி வினாவுக்கு வேறொருத்தி போனாள். போய் இரண்டாவது சுற்றில் தோற்று வந்தாள். நான் போயிருந்தால் தோற்றிருக்க மாட்டேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

மணி அடித்ததும் ஓடினேன். கோயில் பக்கம் டூரிஸ்ட் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்து, தேங்கிய தண்ணீரில் கால் வைத்து, பாவாடையெல்லாம் சேறு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, தறியை விட்டு எழுந்துவிட்டார், கை வைத்துவிட்டார் என்று.

உள்ளே போனேன். பெட்டிக்கு எதிரே பாய் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஓடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெட்டிக்கு வெளியே, பாயின் மேல், அப்பாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு ஒரு வாத்துக்குஞ்சு. நன்றாகக் காய்ந்து, மஞ்சளாகப் பொசுபொசுவென்று, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

“தொட்டியா?”

“தொடலம்மா.”

“பொய் சொல்லாத. தொடாம எப்பிடி வெளிய வந்துச்சி?”

“அதுவாதாம்மா வந்துச்சி. நீ சொன்னா மாதிரியே. ஓட்ட சுத்திக் கொத்திக்கினே வந்துச்சி, அப்பறம் ஒரு உந்து.”

“பொய்!” நான் பையைத் தூக்கி எறிந்தேன். தேர்வு, பஸ், சேறு எல்லாம் சேர்ந்து அப்பா மேல் வந்தது. “அன்னிக்கும் இப்பிடித்தான் செஞ்சே. உனக்கு ஒண்ணியும் சொல்லக்கூடாது. நீ கேக்கவே மாட்ட.”

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

“ஏய், வாய மூடு. காத்தாலேர்ந்து அந்தாளு கைய தொடைக்கு அடியில வெச்சி குந்திக்கினு இருக்குது. ஒரு எழ நெய்யல. அவரு குந்திட்டா நான் தனியா இன்னாத்த நெய்யறது? கடக்காரர் போன் மேல போன் பண்றாரு, எடுக்கறதுக்கு கை வேணுமே? சோறுகூட நான்தான் ஊட்டி வுட்டேன், கல்யாணம் ஆன புதுசுலகூட ஊட்டல. கொல்லப் பக்கம் போறதுக்கு எழுந்தாருன்னா என்னைய காவலுக்கு வெச்சிட்டுதான் போனாரு. மத்தியானமே வெளிய வந்துடிச்சி. காஞ்சப்பறம் நான்தான் பொட்டியிலேர்ந்து எடுத்து பாயில வுட்டேன். கைய எடுய்யான்னா, புள்ள வந்து பாத்தாதான் எடுப்பேன்றாரு.”

அப்போதுதான் பார்த்தேன். அப்பாவின் இரண்டு கைகளும் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன.

“எடுக்கட்டாம்மா?” என்றார்.

மெதுவாக எடுத்தார். புறங்கை முழுதும் பாயின் கோரை வரிகள், வரிவரியாக ஆழமாகப் பதிந்து சிவந்திருந்தன. விரல்களை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. அவற்றை முகத்துக்கு நேரே வைத்து ஊதிக்கொண்டார்.

குனிந்து குஞ்சை எடுத்தேன். என் உள்ளங்கையில் அதன் வயிற்றின் சூடு பட்டது. அது கழுத்தை நீட்டி வீடே அதிரக் கத்தியது. கீழே விட்டேன். விட்டதும் தத்தித் தத்தி ஓடி அப்பாவின் காலடியில் போய் நின்றுகொண்டது. கத்தல் நின்றது. மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் கத்தல். பிறந்ததும் முதலில் எதைப் பார்க்கிறதோ அதன் பின்னால்தான் போகும் என்று டீச்சர் எனக்குச் சொல்லவே இல்லை. அதை நான் படித்தது கல்லூரியில்தான்.

நாலு வாரம் உதறி உதறித் தெர்மாமீட்டர் பார்த்தவள் நான். போர்வையோடு கட்டிப்பிடித்து வியர்த்துக் கிடந்தவள் நான். கோழிக்கு வாத்தின் கணக்கை எழுதியவளும் நான். அன்று விட்டதைப் பிடிக்க, விளக்கு வைத்த பிறகு அப்பா தறியில் இறங்கினார். விரல்கள் இன்னும் சரியாக வரவில்லை, நாடா இரண்டு முறை கைநழுவி விழுந்தது. குஞ்சும் குழிக்குள் குதித்து, பல்பு வெளிச்சத்தில், தறியின் மிதிப்பலகை மேல் இருந்த அவர் பாதத்தில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. மிதித்தால் விழித்துக்கொள்ளும். அப்பா மிதிக்காமல் காலைத் தூக்கியும் தூக்காமலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அது என் வாத்துப்பா” என்றேன்.

“உன்னுதுதாம்மா. நான் இன்னா இல்லன்னா சொன்னேன்? நான் வேணா எழுந்து அந்தாண்ட போயிடட்டா? அப்ப உங்கிட்ட வந்துடும்.”

அப்பா பாதத்தை மெல்ல உருவிக்கொண்டு குழியிலிருந்து ஏறி, கொல்லைப் பக்கம் நடந்தார். குஞ்சு விழித்து, இரண்டு பக்கமும் பார்த்து, குழிச்சுவரில் முட்டி மோதிக் கத்தியது. நானே அதைத் தூக்கி மேலே விட்டேன்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போயிற்று.